தொட்டால் உதிரும் ஒயர்... துடைத்தால் போகும் வெள்ளி! பழைய கார் விளக்குகளை மீட்டெடுப்பது எப்படி?

பழைய கார் கண்காட்சி எங்கே நடந்தாலும் கூட்டம் காரின் முன்பக்கம்தான் நிற்கும். செல்ஃபி எடுப்பதும் அங்கேதான். பளபளக்கும் கிரில், பெரிய ஹெட்லைட்டுகள், பம்பருக்கு மேலே குட்டியாக இரண்டு ஃபாக் லேம்ப், டிரைவர் பக்கத் தூணில் கைப்பிடியோடு ஒரு ஸ்பாட் லைட். 'இதெல்லாம் எரியுமா?' என்று ஏதாவது ஒரு குழந்தை கேட்கும். உரிமையாளர் சிரித்து மழுப்புவார். எரியவைக்க அவருக்குப் பயம்!

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 1930-களிலும் 40-களிலும் வந்த கார் ஒயர்களில் செம்புக் கம்பிக்கு மேல் ரப்பர், அதற்கு மேல் பருத்தி நூல் பின்னல் என்று இரண்டு உறைகள் இருக்கும். வெளியே இருந்து பார்த்தால் நூல் கொஞ்சம் நிறம் மங்கியிருக்கும், அவ்வளவுதான். ஆனால், உள்ளே இருக்கும் ரப்பர் எத்தனையோ கோடைகளின் வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் காய்ந்து முறுக்கு மாதிரி ஆகியிருக்கும். ஒயரை லேசாக வளைத்தாலே பொடிப்பொடியாக உதிரும். அதற்குப் பிறகு வெறும் செம்புக்கும் காரின் இரும்புக்கும் நடுவே இருப்பது நைந்த நூல் மட்டும்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1950, 60-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள்தான். ஹெட்லைட் லைனுக்கு ஃபியூஸே கிடையாது. பின்னாளில் யாரோ ஒரு மெக்கானிக் மாட்டிய ஃபாக் லேம்ப்பும் அந்த லைனில் இருந்தே இழுக்கப்பட்டிருக்கும். அங்கே ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை. பேட்டரியில் இருக்கும் அத்தனை மின்சாரமும் அந்த ஒரு ஒயரில் பாயும். 80, 90 வருடம் தாண்டி வந்த கார், ஒரு முழம் ஒயரால் ஷெட்டிலேயே கருகிப்போகலாம்.

அதனால்தான் பழைய விளக்கைக் கையில் எடுத்ததும் 'எரிகிறதா பார்ப்போம்' என்று பேட்டரியில் நேரடியாகத் தொட்டுப் பார்ப்பதை அனுபவசாலிகள் ஒப்புக்கொள்வதில்லை.

மாம்பழக் கல்லில் எரிந்த ஹெட்லைட்

கம்பெனி கொடுத்த விளக்குகள் போதாமல், கார் வாங்கிய பிறகு கூடுதலாக மாட்டிக்கொண்டவைதான் இந்த 'ஆக்ஸசரி' விளக்குகள். ஃபாக் லேம்ப், தூரம் பாயும் டிரைவிங் லேம்ப், கையால் திருப்பும் ஸ்பாட் லைட், ரிவர்ஸ் லைட் என்று வகை வகையாக வந்தன.

ஆரம்பகாலக் கார்களில் மின்சார விளக்கே இல்லை. பக்கவாட்டில் மண்ணெண்ணெய் விளக்கு, முன்னால் கார்பைடு விளக்கு. கார்பைடு என்றால் வேறு ஒன்றும் இல்லை, மாங்காயைத் திருட்டுத்தனமாகப் பழுக்கவைக்கப் பயன்படுத்தி மாட்டிக்கொள்கிறார்களே, அதே கல்தான். அதன் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தால் அசிட்டிலீன் வாயு வரும். அதை ரப்பர் குழாய் வழியே விளக்குக்குக் கொண்டுபோய்ப் பற்றவைப்பார்கள். வெளிச்சம் பிரமாதம், நாற்றமும் வேலையும் அதைவிடப் பிரமாதம்!

1912-ம் ஆண்டு மாடல் காடிலாக் கார், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டரோடும் மின்சார விளக்குகளோடும் வந்தது. ஃபோர்டு 'மாடல் டி' காருக்கு மின்சார ஹெட்லைட் கிடைக்க 1915 வரை ஆனது. அதற்குப் பிறகுதான் கூடுதல் விளக்குகளுக்குப் பெரிய சந்தை உருவானது. அமெரிக்காவில் 'ட்ரிப்பே', ஸ்டீயரிங் திரும்பும் பக்கம் தானும் திரும்பும் 'பைலட் ரே', பிரான்ஸில் கறுப்புப் பூனை முத்திரையோடு 'மார்ஷல்', பிரிட்டனில் 'லூகாஸ்' என்று ஆளாளுக்கு இறங்கினார்கள்.

நம் ஊர் மகாராஜாக்கள் இதில் தனி ரகம். கோட்டா சமஸ்தானத்தின் இரண்டாம் உமேத் சிங்குக்காக 1925-ல் தயாரான ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம், புலி வேட்டைக்காகவே செய்யப்பட்டது. காட்டுக்குள் துழாவ பெரிய சர்ச் லைட்டுகள் அதில் இருந்தன. 'டைகர் கார்' என்ற பெயரிலேயே அது இன்றும் பிரபலம்.

லூகாஸ் என்றதும் சென்னைக்காரர்களுக்குப் பாடி ஞாபகம் வரும். அதே லூகாஸ்தான். பர்மிங்காமில் மண்ணெண்ணெய் விளக்கு விற்று வளர்ந்த ஜோசப் லூகாஸின் நிறுவனம், டி.வி.எஸ் குழுமத்தோடு கைகோத்து 1961-ல் தொடங்கியதுதான் லூகாஸ் டி.வி.எஸ். 1930-களின் பென்ட்லி, ரோல்ஸ் ராய்ஸ் கார்களில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருக்கும் 'பி100' ஹெட்லைட்டும் லூகாஸ் செய்ததுதான். பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் ஜோசப் லூகாஸை 'இருளின் இளவரசர்' என்று இன்றும் கிண்டல் செய்வார்கள். விளக்கு எப்போது அணையும் என்று தெரியாதாம்! பாதி நியாயம், பாதி அநியாயம். அந்தப் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் விளக்கே இல்லை, எர்த்.

எர்த் என்னும் வில்லன்

பழைய விளக்குக்கு வரும் ஒயர் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். மின்சாரம் திரும்பிப் போகும் பாதை காரின் இரும்பு உடம்புதான். விளக்கின் கூடு, அதைத் தாங்கும் பிராக்கெட், போல்ட், பம்பர், சேஸிஸ் என்று வரிசையாகப் போய்த்தான் பேட்டரியை அடைய வேண்டும். இந்த வரிசையில் ஓர் இடத்தில் துரு பிடித்தாலும் போச்சு. புதிதாகப் பெயின்ட் அடித்தாலும் அதே கதைதான். காரை லட்சக்கணக்கில் செலவு செய்து புதுப்பித்த பிறகு 'முன்னாடி எரிந்த விளக்கு இப்போ எரியலையே' என்று உரிமையாளர் குழம்புவது பல நேரம் இதனால்தான். அழகான பெயின்ட், மின்சாரத்தை மறித்துக்கொண்டு நிற்கும்.

இதற்கு வழி எளிது. பல்பு ஹோல்டரில் இருந்து இரண்டாவதாக ஓர் ஒயரைத் தனியாக எடுத்து, சேஸிஸில் சுரண்டிச் சுத்தம் செய்த இடத்தில் முடுக்கிவிட வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாது. விளக்கின் தோற்றமும் மாறாது. பழைய விளக்கில் செய்யக்கூடிய ஒரே மாற்றம் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

6 வோல்ட் கார்களில் இந்தப் பிரச்னை இரட்டிப்பாகும். கணக்கைப் பாருங்கள். 36 வாட் பல்பு 12 வோல்ட் காரில் 3 ஆம்பியர் இழுக்கும். அதே 36 வாட், 6 வோல்ட் காரில் 6 ஆம்பியர். துருப்பிடித்த இணைப்புகளில் மொத்தம் 0.15 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் காரில் இழப்பு அரை வோல்ட்டுக்கும் குறைவு. 6 வோல்ட் காரில் கிட்டத்தட்ட 0.9 வோல்ட், அதாவது 15 சதவிகிதம். சாதாரண இழை பல்பில் வோல்ட் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் ரொம்பவே குறையும். 15 சதவிகித வோல்ட் போனால் வெளிச்சத்தில் 40 சதவிகிதத்துக்கு மேல் காணாமல் போய்விடும். 'அந்தக் காலத்து 6 வோல்ட் விளக்கு அப்படித்தான், மினுக் மினுக்னுதான் எரியும்' என்ற பேச்சு இப்படி வந்ததுதான். கார் புதிதாக ஷோரூமைவிட்டு வந்தபோது அந்த விளக்கு அப்படி எரிந்திருக்காது.

நாடா கோப்பது போல...

விளக்கைக் கழற்றும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஒவ்வொரு கோணத்திலும் போட்டோ எடுக்க வேண்டும். வாஷர் எந்த வரிசையில் இருந்தது, ஒயர் எந்தப் பக்கம் வெளியே வந்தது, கண்ணாடியில் 'மேல்' பக்கம் எது என்பதெல்லாம் பிறகு ஞாபகம் இருக்காது. அந்தக் காலத்தில் நோட்டில் படம் வரைந்துகொண்டார்கள். இப்போது செல்போன் இருக்கிறது.

ரிம் திருகு அசையவில்லை என்றால் முறுக்கக் கூடாது. துருவை இளக்கும் எண்ணெயைத் தடவி ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். அவசரப்பட்டால் திருகு உடையும், அல்லது ரிம் கோணும். கோணிய ரிம்மில் கண்ணாடியை அழுத்தி மாட்டினால் அதுவும் விரிசல் விடும். மற்ற பாகங்களையாவது எங்காவது தேடிப் பிடிக்கலாம், அந்தப் பழைய வரிக் கண்ணாடி கிடைப்பது கஷ்டம்.

அடுத்தது ஒயர். பல விளக்குகளில் ஒயர் போகும் பாதை, வளைந்த ஒரு சிறு குழாய். பழைய ஒயரைச் சரக்கென்று உருவிவிடுபவர் பிறகு ரொம்ப வருந்துவார். பாவாடைக்கு நாடா கோக்கும் வேலைதான் இது. பழைய ஒயரின் நுனியில் உறுதியான நூலைக் கட்டி மெதுவாக இழுத்தால், ஒயர் வெளியே வரும்போது நூல் உள்ளே போய்விடும். பிறகு அந்த நூலில் புது ஒயரைக் கட்டித் திரும்ப இழுத்துக்கொள்ளலாம்.

புது ஒயராக எதைப் போடுவது? பார்க்கப் பழையது போலவே பருத்தி நூல் பின்னல், உள்ளே இன்றைய பி.வி.சி உறை என்று பழைய கார்களுக்காகவே ஒயர் தயாரிக்கும் நிறுவனங்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. நிறத்துக்கும் அர்த்தம் உண்டு. லூகாஸ் முறைப்படி பழுப்பு நிறம் பேட்டரியில் இருந்து நேராக வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட்டும் டெயில் லைட்டும், கறுப்பு எர்த். ஃபாக் லேம்ப்புக்குச் சிவப்பில் மஞ்சள் கோடு. இதே நிறத்தில் போட்டுவைத்தால் 20 வருடம் கழித்து வேறு ஒரு எலக்ட்ரீஷியன் திறந்து பார்க்கும்போது திணற மாட்டார். கையில் கிடைத்த ஏதோ ஒரு நிறத்தில் ஒயரிங் செய்த கார்கள்தான் பட்டறைகளில் மாதக்கணக்கில் நிற்கின்றன.

தடிமனில் கஞ்சத்தனம் கூடாது. 12 வோல்ட் காரில் இரண்டு விளக்குக்கு 2 சதுர மில்லிமீட்டர் ஒயர் போதும். 6 வோல்ட் என்றால் 3 சதுர மில்லிமீட்டர் நல்லது. இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றும் பழக்கம் நம் ஊரில் விடவே மாட்டேன் என்கிறது. சரியான லக் வைத்து அழுத்துவதுதான் நீடிக்கும்.

ஃபியூஸை விளக்குக்குப் பக்கத்தில் வைப்பதில் பயன் இல்லை. மின்சாரம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அதாவது பேட்டரி பக்கம் இருக்க வேண்டும். நடுவில் எங்கே ஷார்ட் ஆனாலும் அப்போதுதான் அது காப்பாற்றும். ஒரு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். லூகாஸ் கண்ணாடி ஃபியூஸில் '35' என்று போட்டிருந்தால், அது உருகிப்போகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு அதில் பாதிதான். இன்றைய கத்தி ஃபியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. இரண்டையும் ஒன்றாக நினைத்து 35-க்கு 35 என்று மாற்றினால் பாதுகாப்பு பாதியாகிவிடும்.

எல்லாம் முடிந்து முதல்முறை மின்சாரம் கொடுக்கும்போது பழைய கை எலக்ட்ரீஷியன்கள் ஒரு வேலை செய்வார்கள். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே இன்னொரு பல்பைத் தொடராக இணைப்பார்கள், 12 வோல்ட் காரென்றால் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. எங்காவது ஷார்ட் இருந்தால் அந்தச் சோதனை பல்பு பளிச்சென்று முழுதாக எரியும். புகையும் இல்லை, தீயும் இல்லை. ஒயரிங் சரியாக இருந்தால் இரண்டு பல்புமே மங்கலாக எரியும். 20 ரூபாய் சமாசாரம், காரையே காப்பாற்றிவிடும்.

புளியும் வேண்டாம், விபூதியும் வேண்டாம்

ஒயர் தவறாகப் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ரிஃப்ளெக்டரில் தவறு செய்தால் அப்படி முடியாது.

விளக்கின் உள்ளே குழிந்த கிண்ணம் போல இருக்குமே, அதுதான் ரிஃப்ளெக்டர். நல்ல பழைய விளக்குகளில் அது பித்தளை, மேலே வெள்ளி முலாம். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டு வெள்ளி கறுத்துப்போகும். கறுப்பைக் கண்டதும் நம் வீட்டு ஞாபகம் வரும். குத்துவிளக்கா, புளி போடு. வெள்ளிக் கிண்ணமா, விபூதி போட்டுத் தேய். ரிஃப்ளெக்டரில் இரண்டுமே வேண்டாம். முலாம் மிக மெல்லியது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட வெளிச்சத்தைச் சிதறடிக்கும். இரண்டு மூன்று முறை அழுத்தித் தேய்த்தாலே அடியில் இருக்கும் பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்க்கும். மென்மையான பஞ்சும் சுத்தமான காய்ச்சி வடித்த நீரும் போதும். அதற்கும் கறுப்பு போகவில்லை என்றால் மறுபடி வெள்ளி முலாம் பூசத்தான் வேண்டும். இல்லையென்றால் வெற்றிட முறையில் அலுமினியம் பூசலாம்.

இங்கேதான் அடிக்கடி ஒரு தப்பு நடக்கிறது. பம்பருக்கு குரோம் போடக் கொடுக்கும்போது 'இதையும் சேர்த்துப் போட்டுடுங்க' என்று ரிஃப்ளெக்டரையும் கொடுத்துவிடுகிறார்கள். குரோம் பளபளக்கும், கறுக்காது, விலையும் குறைவு. ஆனால் வெள்ளி தன் மேல் படும் வெளிச்சத்தில் சுமார் 95 சதவிகிதத்தைத் திருப்பி அனுப்பும். அலுமினியம் சுமார் 90. குரோம் 65-ஐ ஒட்டித்தான். பகலில் பார்க்கக் கண்ணைப் பறிக்கும் ரிஃப்ளெக்டர், ராத்திரி ரோட்டில் கைவிட்டுவிடும்.

இன்னும் மோசமானது, விளக்கின் கூடோ பிராக்கெட்டோ துத்தநாகக் கலவை வார்ப்பாக இருந்தால்! 1920-களிலும் 30-களிலும் செய்த பல வார்ப்புகளில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்திருந்தது. அது உலோகத்தை உள்ளிருந்தே அரிக்கும். வார்ப்பு வீங்கும், கோணும், வெடிப்பு விடும், கடைசியில் பிஸ்கட் மாதிரி பிட்டுக்கொண்டு வரும். மேலே எத்தனை முலாம் பூசினாலும் நிற்காது. அச்சு எடுத்து வேறு உலோகத்தில் புதிதாக வார்ப்பதுதான் வழி. வாங்கும்போதே நகத்தால் சுரண்டி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ பழைய விளக்கு ஒன்று கண்ணில் பட்டால், மேல் பளபளப்பைவிடப் பின்பக்க பிராக்கெட்டைப் பாருங்கள்.

எல்.இ.டி போடலாமா?

கார் பிரியர்கள் கூடும் இடத்தில் இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றால், அரை மணி நேரம் பொழுது போகும்.

ஹாலஜன் பல்பு பழைய விளக்குக்குச் சுகப்படாது. 55 வாட் ஹாலஜனின் சூட்டில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும், பழைய கண்ணாடி விரிசல் விடும். டைனமோவும் திணறும். 1950, 60-களின் பிரிட்டிஷ் கார்களில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர்தான் கொடுக்கும். ஹெட்லைட், சைடு லைட், இக்னிஷன் எல்லாம் சேர்ந்தே 12, 13 ஆம்பியர் ஆகிவிடும். இரண்டு ஹாலஜன் சேர்ந்தால் இன்னும் 9. ஆக, டைனமோ தன் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். சிக்னலில் ஐட்லிங்கில் நிற்கும்போது அதுவும் கிடையாது, மொத்தமும் பேட்டரியில் இருந்துதான் போகும்.

எல்.இ.டி குறைவாக இழுக்கும், சூடும் குறைவு. ஆனால் பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவும் 'பாசிட்டிவ் எர்த்'. பேட்டரியின் பிளஸ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். இழை பல்புக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான். எல்.இ.டி பல்போ பல நேரம் தலைகீழாகக் கொடுத்தால் எரியாது. அதோடு, அந்த ரிஃப்ளெக்டர் ஒரு சிறு இழையின் இடத்தைக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. எல்.இ.டி சில்லு அதே இடத்தில் இல்லாவிட்டால் வெளிச்சம் எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகும். டெயில் லைட்டிலும் டேஷ்போர்டிலும் போட்டுக்கொள்ளட்டும், முன்னால் இருக்கும் ஃபாக் லேம்ப்புக்குப் பழைய இழை பல்புதான் பொருத்தம். அதன் வெளிச்சத்தில் இருக்கும் அந்த வெதுவெதுப்பான மஞ்சளும் கூடவே கிடைக்கும்.

சுவிட்ச் பழையதாக இருந்தால், அதை மாற்றத் தேவையில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ரிலே வைத்துவிட்டால் சுவிட்ச் வழியே போவது மிகக் குறைந்த மின்சாரம்தான். தாத்தா தட்டிய அதே சுவிட்சைப் பேரனும் தட்டலாம்.

அசலுக்குத்தான் மதிப்பு

மத்திய அரசு 2021-ல் பழைமையான வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய, அசல் வடிவில் இருக்கும் இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'வி.ஏ' எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடத்துக்குச் செல்லும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரி ஓட்டத்துக்கும் அனுமதி இல்லை. ஃபாக் லேம்ப் மாற்றியதால் பதிவு போய்விடாது என்றாலும், கண்காட்சி நடுவர்கள் அதையும் கவனிப்பார்கள். கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி கார் அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குப் போனால், கார்களின் முகத்தில் விளக்குகள் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கின்றன என்பது நேரிலேயே புரியும்.

வீட்டு ஷெட்டில் மாரிஸ் மைனரோ பழைய ஃபியட்டோ தூங்கிக்கொண்டிருந்தால், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஒயர்களை டார்ச் அடித்துப் பாருங்கள். நூல் நைந்திருந்தாலோ, ரப்பர் துகள் கீழே உதிர்ந்து கிடந்தாலோ, விளக்கைச் சரி செய்த பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

விளக்கை மாட்டி முடித்த பிறகும் ஒரு சாயங்கால வேலை மிச்சம் இருக்கும். சமதளத்தில், வெற்றுச் சுவரில் இருந்து 25 அடி தள்ளிக் காரை நிறுத்தி, விளக்கின் நடுப்புள்ளி உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். ஃபாக் லேம்ப்பின் வெளிச்சம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் விழ வேண்டும். பல பழைய விளக்குகளில் ஹோல்டரை முன்னும் பின்னும் நகர்த்த ஒரு திருகு இருக்கும். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால், சுவரில் பரவிக் கிடக்கும் வெளிச்சம் மெல்ல ஒன்றுகூடி, கூர்மையான ஒரு பட்டையாக வந்து நிற்கும். அந்த இடத்தில் திருகை இறுக்கிவிட்டு, ஒரு ஸ்பேர் பல்பைத் துணியில் சுற்றி டேஷ்போர்டுக்குள் போட்டுவைக்கலாம்.